தசைக்குத் தெரிந்தது இழுக்க மட்டும்தான்

வலது கையை மேசைமேல் குப்புற வைத்து விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். புறங்கைத் தோலுக்கு அடியில் மெல்லிய நாண்கள் ஏறி இறங்குவது தெரியும். இப்போது இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, லேசாகப் பிடித்துக்கொண்டு மறுபடி விரல்களை அசையுங்கள். அசைவது என்னவோ விரல்தான்; இறுகித் தளர்வது முன்கை. விரலுக்குள் அதை மடக்கவோ நீட்டவோ ஒரு தசையும் கிடையாது. அந்த வேலைக்கான பெரிய தசைகள் முன்கையில் இருந்துகொண்டு, மணிக்கட்டைத் தாண்டிப் போகும் நீண்ட தசைநாண்கள் வழியாக விரலெலும்புகளை இழுக்கின்றன. நுணுக்கமான அசைவுகளுக்கு உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகள் கைகொடுக்கின்றன.

தசையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதிலேயே இருக்கிறது. தசை இழுக்கும். அவ்வளவுதான். தள்ள அதற்குத் தெரியாது. சுவரைக் கையால் தள்ளுகிறோமே என்று கேட்கலாம். அப்போதும் உள்ளே நடப்பது இழுப்புதான். மேல்கையின் பின்புறத்தில் இருக்கும் ட்ரைசெப்ஸ் தசை முன்கையெலும்பின் பின்முனையை இழுக்கிறது, முழங்கை நிமிர்கிறது, உள்ளங்கை சுவரில் அழுந்துகிறது. கையை மடக்க வேண்டுமானால் முன்புறத்து பைசெப்ஸ் இழுக்க வேண்டும். சுருங்கிய தசையால் தன்னைத் தானே நீட்டிக்கொள்ள முடியாது. எதிர்ப்பக்கத்துத் தசையோ புவியீர்ப்போ அதைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். எலும்புகளை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் எதிரெதிர் ஜோடிகளாக அமைந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த இழுப்பு எவ்வளவு பலமானது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழங்கையை 90 டிகிரி மடக்கி, உள்ளங்கையில் 5 கிலோ எடையைத் தாங்குகிறீர்கள். எடை இருப்பது முழங்கையிலிருந்து ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் தூரத்தில். பைசெப்ஸின் தசைநாண் எலும்பைப் பற்றியிருப்பதோ மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள். நெம்புகோல் கணக்குப்படி அது ஏழு மடங்கு இழுத்தாக வேண்டும். அதாவது முன்கையின் சொந்த எடையைச் சேர்க்காமலேயே, 35 கிலோவைத் தூக்கும் அளவுக்கு விசை. நஷ்டக் கணக்காகத் தெரிகிறதா? ஆனால் லாபம் வேறு பக்கம் இருக்கிறது. தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 7 சென்டிமீட்டர் நகரும், அதுவும் ஏழு மடங்கு வேகத்தில். பலத்தைச் செலவழித்து வேகத்தை வாங்கியிருக்கிறது உடம்பு.

உடம்பில் எலும்போடு தொடர்புள்ள தசைகள் 600-க்கும் மேல். வயதுவந்தவர் எடையில் சுமார் 40 சதவீதம் இவைதான். பெண்களுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இவற்றில் பெரியது பிட்டத்தில் இருக்கும் குளூட்டியஸ் மாக்ஸிமஸ். மிகச் சிறியது ஸ்டேப்பிடியஸ், நடுச்செவிக்குள் 6 மில்லிமீட்டர் நீளத்தில் ஒளிந்திருக்கிறது. பெரிய சத்தம் கேட்டால் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பை இழுத்துப் பிடித்து அதன் அதிர்வைக் குறைப்பது அதன் வேலை. எலும்புத் தசை தவிர இன்னும் இரண்டு வகை உண்டு: இதயத்தில் மட்டும் இருக்கும் இதயத் தசை; குடல், ரத்தக் குழாய், சிறுநீர்ப்பை போன்ற உள்ளுறுப்புகளின் சுவர்களில் இருக்கும் மென்தசை. மூன்றும் வேறுவேறு விதமாகக் கட்டப்பட்டவை. இழுக்கும் மூலக்கூறுகள் மட்டும் மூன்றிலும் ஒரே குடும்பம். முதலில் எலும்புத் தசையைப் பிரித்துப் பார்ப்போம். அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டும் சுலபம்.

பிரித்துக்கொண்டே போனால்

ஒரு தசையை வெளியிலிருந்து பார்த்தால் முழுதாக ஓர் உறை போர்த்தியிருக்கும். உறையைப் பிரித்தால் உள்ளே கற்றைகள், ஒவ்வொரு கற்றைக்கும் தனி உறை. கற்றைக்குள் தசை இழைகள், அவற்றுக்கும் மெல்லிய உறை. இந்த உறைகளெல்லாம் வெறும் மேல்பூச்சு அல்ல. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் இவற்றின் வழியாகத்தான் உள்ளே போகின்றன. தசையின் முனையில் எல்லா உறைகளும் ஒன்றாகச் சேர்ந்து தசைநாணாகி எலும்பில் போய்ப் பதிகின்றன. இழையில் பிறக்கும் இழுப்பு எலும்பு வரை வந்து சேரும் பாதையும் அதுதான்.

தசை இழை என்பது ஒரே ஒரு செல். செல் என்றதும் நுண்ணோக்கியில் தெரியும் ஒரு சின்ன உருண்டை நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. குறுக்களவு 10 முதல் 100 மைக்ரோமீட்டர்தான், ஆனால் நீளம் பல சென்டிமீட்டர். கரு வளரும் காலத்தில் பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவானது என்பதால், ஒரே இழைக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். நடுவில் அவற்றுக்கு இடமில்லை. நடுப்பகுதி முழுக்க நுண்ணிழைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

நுண்ணிழையை நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிர் பட்டை, அடர் பட்டை, வெளிர் பட்டை என்று மாறி மாறிக் கோடுகள் தெரியும். ஒரு வெளிர் பட்டையின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த வெளிர் பட்டையின் நடுக்கோடு வரை உள்ள துண்டுக்குப் பெயர் சார்கோமியர். தசை இழுக்கிறது என்று நாம் சொல்லும்போது உண்மையில் இழுப்பது இதுதான். நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நுண்ணிழையில் 40,000 சார்கோமியர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் மட்டும் குறுகினால் போதும், மொத்தத்தில் 2 சென்டிமீட்டர் கிடைத்துவிடும்.

சார்கோமியருக்குள் இரண்டு வகைப் புரத இழைகள். நடுவில் மயோசினால் ஆன தடித்த இழைகள். அடர் பட்டை இவற்றால் வருவது. இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி நீளும் ஆக்டினால் ஆன மெல்லிய இழைகள். இவை போக டைட்டின் என்று ஒன்று உண்டு. மனித உடம்பில் அறியப்பட்ட புரதங்களிலேயே மிகப் பெரியது. 30,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சரம். தடித்த இழையை நடுவிலேயே நிறுத்தி வைப்பதும், தசை அளவுக்கு மீறி நீளாமல் காப்பதும் அதன் பொறுப்பு.

சுருங்கும்போது என்ன நடக்கிறது? 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, புரதங்கள் தாமே சுருண்டோ மடிந்தோ குட்டையாகின்றன என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். 1954 மே மாதம் ‘நேச்சர்’ அறிவியல் வார இதழில், ஒரே வாரத்தில், அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும். இன்னொன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளும் சொந்தக்காரர்கள் இல்லை. தனித்தனியாக வேலை பார்த்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இரு குழுவும் கண்டது இதுதான்: தசை சுருங்கும்போது அடர் பட்டையின் அகலம் மாறவில்லை, வெளிர் பட்டை மட்டும் குறுகியது. அப்படியானால் எந்த இழையும் குட்டையாகவில்லை. மெல்லிய இழைகள் தடித்த இழைகளுக்கு இடையில் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கின்றன. பட்டைகளின் அகலத்தை அளந்தே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பிடி, இழு, விடு

மெல்லிய இழைகளை உள்ளே இழுப்பது யார்? மயோசின் மூலக்கூறுக்கு இரண்டு தலைகள் உண்டு. ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின்கள்; எல்லாத் தலைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தலை ஆக்டினைப் பிடிக்கும், கழுத்தை வளைத்துச் சுமார் 10 நானோமீட்டருக்குள் இழுக்கும், விடும், நிமிரும், அடுத்த இடத்தில் பிடிக்கும். கயிற்றை ஒரு கை மாற்றி ஒரு கை பிடித்து இழுப்பதைப் போல, சில தலைகள் விடும் நேரத்தில் வேறு சில பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் இழுத்தது நழுவுவதில்லை.

இதில் பாடப்புத்தகத்தில் வேகமாகத் தாண்டிப் போகும் ஓர் இடம் உண்டு. அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தசைக்கு எரிபொருள் ஏடிபி என்ற மூலக்கூறு. இழுக்கத்தான் அது செலவாகிறது என்று எளிதாக நினைத்துவிடுவோம். படிகளைக் கவனித்தால் கதை வேறு. இழுத்து முடித்த தலை ஆக்டினைக் கெட்டியாகப் பிடித்தபடியே இருக்கும். புது ஏடிபி ஒன்று வந்து ஒட்டினால்தான் அந்தப் பிடி விடும். பிடி விட்ட பிறகு அந்த ஏடிபி உடைகிறது. அந்த ஆற்றலில் தலை மறுபடி நிமிர்ந்து அடுத்த இழுப்புக்குத் தயாராகிறது. ஆக, விடுவதற்கே ஏடிபி வேண்டும்.

இறந்தவர் உடல் விறைத்துப்போவது இதனால்தான். மூச்சும் ரத்த ஓட்டமும் நின்றால் புது ஏடிபி உருவாகாது. இருந்தது தீர்ந்ததும், பிடித்த தலைகள் பிடித்த இடத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் தாடை, கழுத்துப் பக்கம் விறைப்பு தெரியத் தொடங்கும். 12 மணி நேரம் வாக்கில் உடல் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் ஒன்றிரண்டு நாளில் தளர்ந்துபோகும். பிடி விட்டதால் அல்ல, புரதங்களே சிதைய ஆரம்பிப்பதால். சூழலின் வெப்பத்தைப் பொறுத்து இந்த நேரங்கள் முன்பின்னாகும்.

சரி, உயிரோடு இருக்கும் தசையில் ஏடிபி எப்போதும் இருக்கிறதே, அது ஏன் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருப்பதில்லை? ஆக்டினில் மயோசின் பிடிக்க வேண்டிய இடங்களை ட்ரோபோமயோசின் என்ற நீண்ட புரதம் மறைத்துக்கொண்டிருக்கிறது. அதை நகர்த்துவது ட்ரோபோனின். ட்ரோபோனினை அசைப்பது கால்சியம். கால்சியம் வந்து ஒட்டினால் மறைப்பு விலகும், இழுப்பு தொடங்கும். கால்சியம் போய்விட்டால் மறைப்பு மூடிக்கொள்ளும்.

கால்சியத்துக்கு இதில் பங்கு இருப்பது தெரியவந்த கதை சுவாரசியமானது. 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், வெட்டியெடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். துடிப்பு நன்றாகவே இருந்தது. பிறகுதான் அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டது என்று தெரிந்தது. காய்ச்சி வடித்த நீரில் கலந்து பார்த்தால் துடிப்பு மங்கி நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்து, சுத்தமான நீரில் இல்லாமல்போனது கால்சியம். அவர் பெயரைக் கொண்ட ‘ரிங்கர்ஸ் லாக்டேட்’ பாட்டில் இன்றும் நோயாளிகளுக்கு ரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படுகிறது.

எலும்புத் தசையில் கால்சியம் இழைக்குள்ளேயே, நுண்ணிழைகளைச் சுற்றியிருக்கும் பைகளில் சேமிக்கப்பட்டிருக்கிறது. மூளையிலிருந்தோ தண்டுவடத்திலிருந்தோ நரம்பு வழியாகச் செய்தி வந்து சேர்ந்ததும், நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளிவிடும். அது இழையின் மேற்பரப்பில் மின் மாற்றத்தைக் கிளப்பும். அந்த மாற்றம் நுண்குழல்கள் வழியாக உள்ளே ஆழம் வரை போய்ப் பைகளைத் திறக்கும். செய்தி நின்றதும் கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றும் பம்புக்கும் ஏடிபி வேண்டும். பிடியை விடவும் ஏடிபி, கால்சியத்தை அள்ளி உள்ளே போடவும் ஏடிபி. தளர்வது சும்மா இருப்பது இல்லை.

நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி வேலை செய்வது இந்தச் சங்கிலியின் ஆரம்பத்தில். நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் வெளிவருவதையே அது தடுத்துவிடுகிறது. தசைக்குள் எல்லாம் தயாராக இருக்கும், தொடங்கு என்று சொல்லத்தான் ஆளிருக்காது.

ஒரு இழையைப் பொறுத்தவரை ஒரு செய்தி வந்தால் முழுத் துடிப்பு, வராவிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் நம்மால் ஒரு காகிதத்தையும் எடுக்க முடிகிறது, கனமான பெட்டியையும் தூக்க முடிகிறது. எப்படி? ஒரு நரம்பு செல்லும் அது ஆளும் இழைகளும் சேர்ந்து ஓர் அலகு. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பு செல் பத்துப் பதினைந்து இழைகளை மட்டும் ஆளும். அதனால்தான் பார்வையை மயிரிழை அளவில் நகர்த்த முடிகிறது. கெண்டைக்காலில் ஒரு நரம்பு செல்லின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கலாம். சுமை ஏற ஏற, மூளை முதலில் சின்ன அலகுகளையும் பிறகு பெரியவற்றையும் வேலைக்கு அழைக்கிறது. செய்திகளையும் அடிக்கடி அனுப்புகிறது.

ஏடிபி கையிருப்பு சில வினாடிகளுக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு, ஏடிபியை உடனுக்குடன் புதுப்பித்துத் தரும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற மூலக்கூறு இன்னும் பத்து வினாடி போலச் சமாளிக்கும். அதையும் தாண்டினால் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் வேகமாக உடைப்பது, அல்லது ஆக்சிஜனோடு நிதானமாக எரிப்பது. இரண்டாவது வழிக்கு ஏற்றவை மெதுவான இழைகள். ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் நிறைந்தவை, எளிதில் களைக்காதவை, ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினால் சிவந்தவை. வேகமான இழைகள் வெளிறியவை. பலமாக இழுத்துச் சீக்கிரம் சோர்ந்துவிடும். நிமிர்ந்து நிற்க உதவும் கெண்டைக்கால் ஆழத்துத் தசையில் மெதுவானவை அதிகம். எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தையே உடம்பு பயன்படுத்திக்கொள்ளும் சமயமும் உண்டு. குளிரில் நடுங்கும்போது தசைகள் இழுப்பது வெப்பத்துக்காக மட்டுமே.

இதயமும் மற்றவையும்

இதயத் தசையிலும் அதே கோடுகள், அதே சார்கோமியர்கள். ஆனால் செல்கள் குட்டையானவை, கிளைத்தவை, ஒன்று அல்லது இரண்டு உட்கருதான் இருக்கும். செல்லும் செல்லும் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்து போக நுண்ணிய திறப்புகள் உண்டு. ஒரு செல் கிளம்பினால் அலை எல்லாச் செல்களுக்கும் பரவும். தொடங்கிவைக்க மூளை தேவையில்லை. வலது மேலறையில் உள்ள ஒரு செல் கூட்டமே தாளத்தைக் கொடுக்கிறது. நரம்பெல்லாம் அறுபட்ட நிலையில் வேறொருவர் மார்பில் பொருத்தப்படும் இதயம் துடிப்பது இதனால்தான். நரம்பின் முக்கிய வேலை வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான்.

நிமிடத்துக்கு 70 என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு. களைப்பே வராமல் இருக்க, செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போல மைட்டோகாண்ட்ரியாவே இருக்கிறது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு துடிப்பு முடிந்து ஓரளவு தளரும் வரை அடுத்த கட்டளையை இதயத் தசை ஏற்காது. எலும்புத் தசையைப் போலத் தொடர்ந்து இறுகி நின்றுவிட்டால் ரத்தம் உள்ளே நிரம்ப வழியில்லை. இங்கும் விடுவதுதான் பாதி வேலை. மார்பு வலியோடு போனால் எடுக்கப்படும் ட்ரோபோனின் பரிசோதனையும் நாம் மேலே பார்த்த அதே புரதத்தைத்தான் தேடுகிறது. இதயத் தசைக்கு உரிய ட்ரோபோனின் ரத்தத்தில் அதிகமாகக் கலந்திருந்தால், இதயச் செல்கள் சேதமாகியிருக்கின்றன என்று பொருள்.

மென்தசையில் கோடுகள் கிடையாது. ஆக்டினும் மயோசினும் உண்டு, ஆனால் சார்கோமியர் என்ற ஒழுங்கு இல்லை. செல்லுக்குள் பல திசைகளில் பின்னிக் கிடக்கின்றன. சுருங்கினால் செல் எல்லாப் பக்கமிருந்தும் இறுகும். வேகம் குறைவு. பதிலுக்கு, மிகக் கொஞ்சம் ஆற்றலில் நீண்ட நேரம் பிடித்துக்கொண்டே இருக்கும். ரத்தக் குழாய்ச் சுவருக்கு அதுதான் தேவை. கால்சியத்தில் பெரும்பகுதியை இது செல்லுக்கு வெளியிலிருந்து வரவழைக்கிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் அந்த நுழைவாயிலை மூடுவதால் குழாய் தளர்ந்து அழுத்தம் குறைகிறது. எலும்புத் தசையோ தன் சொந்தப் பைக் கால்சியத்தை நம்பியிருப்பதால் கை கால் பலம் குறைவதில்லை. கண்மணி சிறுத்து விரிவது, மயிர்க்கூச்செறிவது, பிரசவத்தில் கருப்பை இறுகுவது எல்லாம் மென்தசையின் கைங்கரியமே.

வளர்வதும் ஆறுவதும்

உடற்பயிற்சியால் தசை பருக்கும்போது இழைகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. இருக்கும் இழைகளுக்குள் நுண்ணிழைகள் பெருகி ஒவ்வொன்றும் தடிக்கிறது. வேலையில்லாமல் கிடந்தால் அதே வேகத்தில், பல சமயம் அதைவிட வேகமாக, மெலிகிறது. சில வாரம் மாவுக்கட்டில் இருந்த காலை மற்றக் காலோடு ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும்.

புதிதாகப் பயிற்சி தொடங்கியவர்களுக்கு மறுநாள் வரும் வலியை லாக்டிக் அமிலத்தின் தலையில் போடுவது பழைய பழக்கம். அது ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்தில் கலந்து பயன்பட்டுத் தீர்ந்துவிடும். ஒன்று முதல் மூன்று நாள் கழித்து உச்சத்துக்கு வரும் வலிக்கு அது காரணமாக முடியாது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே தசை நீட்டப்படுவதால் சில சார்கோமியர்கள் நைந்துபோவதும், அதைத் தொடரும் அழற்சியும்தான் முக்கியக் காரணம். மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவது மறுநாள் தொடையை அதிகம் படுத்தும். இறங்கும்போது முன்தொடைத் தசை உடம்பு எடையைத் தாங்கி இழுத்தபடியே நீள வேண்டியிருக்கிறது.

நைந்ததைச் சரிசெய்ய இழையின் ஓரத்தில் துணைச் செல்கள் காத்திருக்கின்றன. 1961-இல் அலெக்சாண்டர் மாரோ தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டவை இவை. சேதம் ஏற்பட்டால் பெருகி, இழையோடு இணைந்து, தம் உட்கருக்களையும் கொடுத்துவிடும். மென்தசைச் செல்களோ தாமே பிரிந்து பெருகக்கூடியவை.

இதயத்துக்கு இந்த வசதி கிட்டத்தட்ட இல்லை. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் மனித டிஎன்ஏ-விலும் பதிந்திருக்கிறது. அதை வைத்து இதயச் செல்களின் வயதைக் கணித்த ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள், 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதச் செல்களும், 75 வயதில் அரை சதவீதத்துக்கும் குறைவானவையுமே புதிதாகின்றன என்று 2009-இல் சொன்னார்கள். மாரடைப்பில் செத்த தசை அந்த வேகத்தில் திரும்ப வளர வழியில்லை. அந்த இடத்தை வடுத் திசு நிரப்பும். வடுவில் சார்கோமியர் இல்லை, அதனால் அது இழுக்காது. மீதித் தசைதான் அதன் பங்கையும் சேர்த்து இழுக்க வேண்டும். அடைபட்ட குழாயைத் திறப்பதில் மருத்துவர்கள் நிமிடக் கணக்குப் பார்ப்பது இதனால்தான்.